ஞாயிற்றுக்கிழமை விலக்கு

நான் கடலூர் முதுநகரில் பிறந்தவள். துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெரு. மீன் கழுவிய தண்ணீரைத் தாண்டித் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவள். கருவாடு காயும் வாடைக்கு எங்கள் தெருவில் யாரும் மூக்கைப் பொத்தியதில்லை. அப்படிப்பட்ட எனக்கே, நாய்க்கென்று பாக்கெட்டில் அடைத்து விற்கிற அந்த ஈரத் தீனியை முதல் முறையாகக் கத்தரித்த அன்று குடலைப் புரட்டிவிட்டது.

பாக்கெட்டைச் சாய்த்தால் அது உடனே கொட்டாது. கொஞ்ச நேரம் யோசிக்கும். பிறகு மொத்தமாக வழுக்கிக்கொண்டு வந்து தட்டில் விழுந்து, பாக்கெட்டின் வடிவத்திலேயே நின்று ஆடும். சுற்றிலும் பழுப்பு நிறத்தில் ஒரு கொழகொழப்பு. ஈரலை வேகவைத்து மூடி மறந்துபோய், மறுநாள் திறந்தால் ஒரு வாடை வருமே, அதில் கொஞ்சம் வெல்லம் கலந்த மாதிரி. சீ! எழுதும்போதே வாயில் எச்சில் ஊறுகிறது, நல்ல எச்சில் இல்லை. அதிலும் ஒரு வேளைக்குப் பாதி பாக்கெட்தான் போட வேண்டுமாம். மீதிப் பாதி என் ஃபிரிட்ஜில், என் தயிருக்குப் பக்கத்தில் இருக்கும்.

இந்தக் கண்றாவியெல்லாம் என் மகன் கொண்டுவந்து இறக்கியது. அவன் ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறான். புதிதாகக் குடிபோன ஃபிளாட்டில் நாய் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். கிறிஸ்துமஸுக்கு வந்தவன் காரின் பின் சீட்டுக் கதவைத் திறந்தான். கன்றுக்குட்டி அளவில் ஒரு லாப்ரடார், பெட்டை, என் குரோட்டன்ஸ் தொட்டியின் மேலேயே குதித்து இறங்கியது. "ரெண்டே மாசம்மா, வேற வீடு பாத்ததும் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றான். அவன் பார்த்த வேற வீட்டை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் போல. நாய்க்கு அவன் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, என் வாயில் நுழையாது. நான் 'ஏ சனியனே' என்றுதான் கூப்பிடுவேன். அதற்கும் வாலை ஆட்டிக்கொண்டு வரும், வெட்கங்கெட்டது.

என் வீட்டுக்காரர் நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட். ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் ராத்திரி என்று சுற்றிச் சுற்றி வரும். நான் கல்யாணமாகி இந்த டவுன்ஷிப்புக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். இன்னும் கொஞ்ச காலத்தில் ரிட்டயர்மென்ட். மனிதர் பேச மாட்டார். கேட்டால் 'ம்', கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அந்த மனிதர் நாய் வந்த ஒரு வாரத்தில் வாய் திறந்தார். ஷூவைக் கழற்றிக்கொண்டே, "இன்னைக்கி பஸ்ஸு லேட்டும்மா. பனி என்னா பனி! நீ சாப்புட்டியா?" என்று கேட்டார். நான் அடுப்படியிலிருந்து "சாப்பிட்டேங்க" என்றேன். அவர் கேட்டது நாயை. என்னை ஒரு நாள் 'ம்மா' போட்டுக் கூப்பிட்டவரில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாய் வருவதற்கு முன்னால் இந்த வீட்டில் கெட்ட வயிறு என்று ஒன்றுதான் இருந்தது, அது அவருடையது. ராத்திரி ஷிஃப்ட் வாரத்தில் ஏப்பம். காலை ஷிஃப்ட் வாரத்தில் பாத்ரூமுக்குள் போனவர் பஸ் ஹாரன் அடிக்கும்வரை வெளியே வர மாட்டார், வந்தாலும் காரியம் முடிந்த முகமாக இருக்காது. மத்தியான ஷிஃப்ட் வாரத்தில் நெஞ்சைத் தடவிக்கொண்டே நடப்பார். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, வயிற்றெரிச்சல் மாத்திரை இருக்கும். சட்டையைத் துவைக்கப் போட்டால் அந்த மாத்திரை கரைந்து மற்றத் துணியிலெல்லாம் ரோஸ் திட்டு. இது போதாதென்று ஈஸ்டர் வேறு. நாற்பது நாள் தவக்காலம் முழுக்க இறைச்சியைத் தொடாமல் சுத்தபோசனம் இருப்பார். எங்கள் பங்குக் கோயிலில் அவரைப்போலக் கட்டாக இருக்கிறவர்கள் குறைவு. ஈஸ்டர் அன்று மட்டன் பிரியாணியைக் கண்டதும் நாற்பது நாள் கணக்கையும் ஒரே உட்காரலில் தீர்ப்பார். மறுநாள் திங்கட்கிழமை எங்கள் வீட்டு பாத்ரூம் பக்கம் யாரும் போக முடியாது. வருஷா வருஷம் உயிர்ப்பு விழாவின் மறுநாள் என்றாலே எனக்கு ஞாபகம் வருவது ஃபினாயில்தான்.

இப்போது அதே வயிறு நாய்க்கும் வந்தது.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. மகன் சொன்னபடி ஈரத் தீனி, காலையில் பாதி, மாலையில் பாதி. நான் மூக்கைச் சேலைத் தலைப்பால் கட்டிக்கொண்டு போடுவேன். நாய் நக்கித் தட்டைக் கண்ணாடியாக்கிவிடும். பொங்கல் போயிற்று, தை மாதம் போயிற்று, வயிற்றுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு பூசையிலிருந்து திரும்பிய மனிதர் நேராக ஃபிரிட்ஜைத் திறந்து, பாதிப் பாக்கெட்டை எடுத்துக் குப்பையில் போட்டார்.

"என்னங்க பண்றீங்க?"

"கவிச்சி. நாப்பது நாளைக்கி வூட்ல கவிச்சி இருக்கக் கூடாது."

"அது நாய் திங்கறதுங்க!"

"நாயும் இந்த வூட்லதான இருக்குது" என்றார்.

அன்று சாயந்தரமே மந்தாரக்குப்பம் கடைவீதிக்குப் போய் ஒரு பெரிய மூட்டை உலர் தீனி வாங்கி, வண்டியின் முன்னால் நிற்க வைத்துக் கொண்டுவந்தார். குட்டிக் குட்டி உருண்டை. பார்த்தால் கடலை மிட்டாய் உடைந்த மாதிரி இருக்கும், வாடை மட்டும் கோழித் தீவன வாடை. மூட்டையைத் திருப்பிப் பார்த்தேன். கொண்டையும் அலகுமாக ஒரு கோழி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"இதுலயும் கோழிதான போட்டிருக்கு? அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

அவர் மூட்டையை வாங்கிப் படித்தார். முகம் கொஞ்சம் மாறியது. பிறகு கோழிப் படம் சுவர்ப் பக்கம் போகும்படி மூட்டையைத் திருப்பி வைத்தார். "இது காஞ்சது. காஞ்சா கருவாட்டுக் கணக்கு. மீனு கருவாடெல்லாம் தவக்காலத்துல ஆவும்."

கோழியைக் காய வைத்தால் கருவாடாம்! கருவாட்டுத் தெருவில் பிறந்தவளிடம் வந்து சொல்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கொழகொழப்பு ஃபிரிட்ஜை விட்டுப் போயிற்றே என்ற நிம்மதியில் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

நிம்மதி இரண்டு நாள்கூட நிற்கவில்லை. நாய்க்கு வயிற்றுக்குள் தவளை கத்துகிற மாதிரி சத்தம். பிறகு பிய்த்துக்கொண்டு போயிற்று. வராந்தாவில் ஒரு முறை, துளசிச் செடிக்குப் பக்கத்தில் ஒரு முறை, ஹாலில் என் தையல் மெஷினின் மிதிமேல் ஒரு முறை. அதன் நிறத்தை நான் எழுத மாட்டேன். மிதியின் சின்னச் சின்ன ஓட்டைகளுக்குள் புகுந்ததைத் துடைப்பக் குச்சியால் எடுத்தேன், அதை மட்டும் சொல்கிறேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாரக் கடைசியில் ஒரு மாதிரி அடங்கியது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர் பிரசங்கத்தில் சொன்னார், தவக்காலத்து ஞாயிறுகள் நாற்பது நாள் கணக்கில் சேராது, ஞாயிறு என்றால் ஆண்டவர் உயிர்த்த நாள் என்று. அதை இவர் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஞாயிறும் சுத்தபோசனம்தான், கட்டு மாறாது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் நாயின் தாடையைத் தடவி, "வாயில்லா சீவன் நீ. உனக்கு ஞாயித்துக்கெழம வெலக்கும்மா" என்று சொல்லி, எப்போது வாங்கி ஒளித்து வைத்தாரோ, ஓர் ஈரப் பாக்கெட்டை எடுத்துக் கத்தரித்தார். முழுப் பாக்கெட். பண்டிகை மாதிரி. நாய் அவர் காலடியில் புரண்டது. எனக்கும் அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை, நாற்றத்தைத் தவிர.

திங்கட்கிழமை விடியலில் காலை ஷிஃப்ட் பஸ் பிடிக்க இவர் கேட்டைத் திறந்ததும் நாய் பாய்ந்து வெளியே ஓடியது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மா விருதுநகர்ப் பக்கம். விடிவதற்குள் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவள். அன்று ஏதோ விசேஷமாம், பெரிய கோலமாகப் போட்டுவிட்டு, ஓரத்துக்குச் செம்மண் எடுத்துவர உள்ளே போயிருக்கிறாள். செம்மண் கிண்ணத்தோடு அவள் திரும்பி வந்தபோது கோலத்தின் நடுவில் எங்கள் வீட்டு நாய் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தது.

"என்னக்கா இது? நாங்க மனுசங்க குடியிருக்கமா இல்லையா? வாசல்ல கால் வைக்க முடியுதா?" என்று கத்தினாள். அழுதேவிட்டாள், பாவம். நான் வாளியும் மக்குமாக ஓடி, அவள் கோலத்தோடு சேர்த்துக் கழுவினேன். கழுவக் கழுவக் கோல மாவும் அதுவும் ஒன்றாகிச் சாந்து மாதிரி தரையில் ஒட்டிக்கொண்டது. உவ்வே! பிளாக்கில் வாக்கிங் போன அத்தனை பேரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்று சாயந்தரம் அவர் ஷூவைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டேன். "ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

அவர் யோசித்தார். அவர் யோசித்ததே எனக்கு அவமானமாக இருந்தது. கடைசியில், "ஈஸ்டருக்குள்ள வயிறு சரியாவலன்னா அண்ணன் தோப்புல வுட்டுடறேன்" என்றார்.

என் மூத்தாருக்கு முத்தாண்டிக்குப்பத்தில் முந்திரித் தோப்பு இருக்கிறது. பழம் விழுகிற காலத்தில் கொட்டை திருடுகிறார்கள் என்று மரத்தடியில் ஒரு நாயைக் கட்டி வைப்பார். நாய் என்றால் நாய், அவ்வளவுதான் அவருக்கு. வேலையாட்கள் மிச்சம் வைத்ததைத் தின்ன வேண்டும், இல்லாவிட்டால் இல்லை. அங்கே போன நாய்களில் ஒன்றைப் பாம்பு கடித்தது, ஒன்று ரோட்டில் பண்ருட்டி பஸ்ஸில் அடிபட்டது. அவருக்கு ஃபோன் போட்டதும், "ஈஸ்டர் விருந்துக்கு வரப்ப கயிறு எடுத்துக்கினு வரேன்" என்று சந்தோஷமாகச் சொன்னார். ஃபோனை வைத்த பிறகு என் வீட்டுக்காரர் நாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, படுக்கப் போகும்வரை அதனிடமும் ஒன்றும் பேசவில்லை. எனக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. என் கைகளில் இன்னும் அந்த வாடை போகவில்லை.

அப்புறம் தொடங்கியது சண்டை. ஈரத் தீனியா, உலர் தீனியா? மகன் வீடியோ காலில் வந்து, "வெட் ஃபுட்தான்மா டைஜஷனுக்கு நல்லது, அதுல தண்ணி இருக்கு. அந்தக் காஞ்ச உருண்டைதான் குடலை அறுக்குது" என்பான். இவர் என் தோளுக்குப் பின்னாலிருந்து, "ஆறு நாளு காஞ்சது தின்னுட்டு ஒழுங்காதான்டா இருக்குது. ஞாயித்துக்கெழம அந்த ஈரத்தத் தின்னுட்டுத்தான் திங்கக்கெழம புடுங்குது" என்பார். "அப்ப டிரைய நிறுத்திட்டு வெட் மட்டும் குடுங்களேன்." "தவக்காலம்டா!" "அப்பா, நாய்க்கு ஏதுப்பா தவக்காலம்?" "நீ பூசைக்கிப் போனாத்தான உனக்குத் தெரியும்." இப்படியே போகும். இரண்டு பேருக்கும் நடுவில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். ஒருவனாவது, 'அம்மா, நீ அள்ளுகிறாயே, உனக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமைதோறும் அள்ளினேன். செவ்வாய் புதனில் அடங்கும். வெள்ளி சனியில் ஏதோ ஒரு வடிவத்துக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை ஐயா விலக்குக் கொடுப்பார். திங்கட்கிழமை மறுபடியும் நான், வாளி, மக்கு. நாய் இளைத்துக்கொண்டே வந்தது. விலா எலும்பு தெரிந்தது. முதுகில் மயிர் கொட்டி, அதுவும் என் சாம்பாரில் வந்து விழுந்தது. துடைத்துவிடப் போனால் வாலைக் காலுக்குள் ஒளித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்கே அருவருப்பாக இருந்திருக்கும் போல.

ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை, அதற்குக் கால் தள்ளாடியது. இவர் ராத்திரி ஷிஃப்ட். காலையிலேயே ஆட்டோ வைத்து மந்தாரக்குப்பத்தில் இருக்கும் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். பெண் டாக்டர், சின்ன வயசு, கண்டிப்பான குரல். மேஜைமேல் நாயை நிற்க வைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"என்ன சாப்பாடு குடுக்கறீங்க?"

இவர் முந்திக்கொண்டார். பேசாத மனிதர், கை கட்டிக்கொண்டு பேசினார். "வார நாள்ல டிரைங்க. ஞாயித்துக்கெழம மட்டும் வெட்டுங்க. எது சேரலன்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா அத நிறுத்திப்புடலாங்க."

"ரெண்டுமே சேரும்" என்றார் டாக்டர். "ஈரமோ காய்ஞ்சதோ, ரெண்டுல எது வேணா குடுங்க. ஆனா ஒண்ணு குடுங்க. மாத்தித்தான் ஆகணும்னா பழசு முக்கால்வாசி, புதுசு கால்வாசி கலந்து, கொஞ்சம் கொஞ்சமா ஒரு வாரம் பத்து நாள் எடுத்து மாத்தணும். நீங்க மாத்தி மாத்திப் போடறீங்க."

"மாத்தலைங்க டாக்டர். வாரா வாரம் ஒரே மாதிரிதாங்க போடறோம்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "வாரா வாரம் ஒரே மாதிரி மாத்தறீங்க சார். ஒண்ணுக்குப் பழகறதுக்குள்ள அடுத்தது. வாரத்துக்கு ஒரு தடவ மாத்திக்கிட்டே இருந்தா எந்த வயிறு சார் தாங்கும்?"

இவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது, மாத்திரை இருக்கிற பைக்கு. அங்கேயே நின்றுவிட்டது. டாக்டருக்கு எதுவும் தெரியாது, அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார்: இன்றைக்கு ஒரு வேளை வயிற்றைக் காயப் போடுங்கள், அப்புறம் உலர் தீனி மட்டும், வெந்நீரில் ஊற வைத்து, அளவாக, அதே நேரத்துக்கு, வேறு ஒரு வாய் கூடாது.

திரும்பி வருகிற ஆட்டோவில் நாய் எங்கள் இரண்டு பேர் மடியிலும் குறுக்கே படுத்திருந்தது. பின்பக்கம் என் மடியில், வேறெங்கே இருக்கும்? டவுன்ஷிப் ஆர்ச்சைத் தாண்டி மரத்து நிழலுக்குள் வண்டி நுழைந்ததும் அவர் கேட்டார்.

"எந்த வயிறும்னாங்களே அந்தம்மா. மனுசன் வயிறும் சேத்தா?"

"அவங்க மாட்டு டாக்டருங்க" என்றேன்.

"ம்" என்றார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. இந்த மனிதர் எத்தனை வருஷமாக எத்தனை டாக்டரிடம் போயிருப்பார். காரம் குறை, டீயைக் குறை, டென்ஷனைக் குறை. வாரத்துக்கு ஒரு தடவை இவருடைய சோற்று நேரம் புரண்டு புரண்டு விழுந்ததை ஒருவராவது வாய்விட்டுச் சொன்னார்களா? அதைக் கேட்க ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

அந்த வாரம் முழுக்க ஊறவைத்த உருண்டைதான். அது ஊறினால் இன்னொரு அசிங்கம்: உப்பிப்போய், அழுத்தினால் பிதுங்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு அதே நேரத்துக்குப் போட்டேன். பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் ஊற்றிய கஞ்சியைக்கூட ஒரு வாய் கொடுக்க விடவில்லை. சனிக்கிழமை காலை நாயை நடத்திக்கொண்டு போனபோது, வேப்பமரத்தடியில் சுற்றிச் சுற்றி வந்து உட்கார்ந்தது. எழுந்தது. நான் குனிந்து பார்த்தேன். கெட்டியாக, முழுசாக, ஒழுங்காக இருந்தது. இன்னும் குனிந்து நன்றாகப் பார்த்தேன். என் புத்தி எங்கே போயிற்று என்று இப்போதும் கூச்சமாக இருக்கிறது, எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

"என்னக்கா, எதையாச்சும் தொலைச்சிட்டீகளா?" பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மா பால் வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"இல்ல, கெடச்சிடுச்சி" என்றேன்.

அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அடக் கருமமே!" என்று முகத்தை மூடிக்கொண்டு போனாள்.

ஈஸ்டர் அன்று மத்தியானம் மூத்தார் வந்தார். கையில் பலாப்பழம் ஒன்று, தோளில் புதுக் கயிறு. கயிற்றைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு வந்து பந்தியில் உட்கார்ந்தார். மட்டன் பிரியாணி, எலும்புக் குழம்பு, வெங்காயப் பச்சடி. நாய்க்கு ஞாயிற்றுக்கிழமை என்று எப்படியோ தெரியும், ஃபிரிட்ஜ் முன்னால் போய் உட்கார்ந்து இவரையே பார்த்தது. இவர் எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்தார். உள்ளே அவர் ஈஸ்டருக்கென்று வாங்கி வைத்த பாக்கெட் இருந்தது, இனி விலக்குகூடத் தேவையில்லை. அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். மூடிவிட்டு, ஊறவைத்த கிண்ணத்தை எடுத்து நாயின் முன் வைத்தார்.

"ஏம்பா, பண்டிக நாளும் அதுவுமா அதுக்கு ஒரு துண்டு கறி போடக் கூடாதா?" என்று மூத்தார் தன் இலையிலிருந்து ஒரு நல்லியை எடுத்து நீட்டினார். நாய் ஓடி வந்தது. என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் நின்றால் உட்காராத தம்பி.

"வேணாண்ணா."

"எலும்புதானப்பா."

"ஒத்துக்காதுண்ணா. வுடுங்க."

மூத்தார் என்னைப் பார்த்தார், நான் நாயைப் பார்த்தேன். எலும்பை இலை ஓரத்தில் வைத்துவிட்டு, "செரி. வயிறு சரியாயிடுச்சின்னா நல்லதாப் போச்சி, தோப்புக்குத் தெம்பா வரும்" என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். சொன்ன சொல் சொன்னதுதான் என்று இருக்கிற மனிதர். வயிறு சரியாகாவிட்டால் என்ற பேச்சு என்னோடு மட்டும்தான், அண்ணனிடம் ஃபோனில் தருகிறேன் என்றே சொல்லியாயிற்று, அண்ணனும் கயிற்றோடு வந்தாயிற்று, அதற்குமேல் அண்ணனிடம் இல்லை என்று அவருக்கு வாய் வராது.

என் வாய் இருக்கிறதே. "மாமா, அது வராது" என்றேன்.

"ஏம்மா, நீதான அத ஓட்டணும்னு ஒத்தக் கால்ல நின்ன?"

"நின்னேன். இப்பத்தான் வயிறு ஒரு கட்டுக்கு வந்திருக்கு. அங்க வந்தா சோறு மாறும். கயித்த எடுத்துக்கினு போங்க."

மூத்தார் சிரித்தார், கொஞ்சம் கோபமும் இருந்தது. நான் இன்னும் இரண்டு கரண்டி பிரியாணி வைத்தேன், கோபம் போயிற்று. என் வீட்டுக்காரர் நிமிரவே இல்லை. அவர் இலையில் பிரியாணி வைத்தபடி இருந்தது, கை வைக்கவில்லை.

"என்னங்க, சாப்பிடலியா?"

"நேத்து வெச்ச ரசம் இருக்குதா?"

"ஈஸ்டர் அன்னைக்கு ரசமா?"

அவர் சத்தத்தைக் குறைத்தார், அண்ணன் காதில் விழக் கூடாதென்று. "நாப்பது நாளு கழிச்சி ஒரேடியா மாத்தினா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் நாயைப் பார்த்தார்.

நான் உள்ளே போய் ரசத்தைச் சூடு பண்ணினேன். வேறு தட்டில் சோறு போட்டு ரசம் ஊற்றினேன். அதில் ஒரு சின்னக் கரண்டி பிரியாணியைப் போட்டுப் பிசைந்தேன், பழசு முக்கால், புதுசு கால். பார்க்கக் கண்றாவியாகத்தான் இருந்தது. மட்டன் பிரியாணியில் ரசம்! எங்கள் முதுநகரில் யாராவது பார்த்தால் காறித் துப்புவார்கள். அதை அவர் முன்னால் வைத்தேன். ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார், தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, அவர் லீவு போட்டிருந்தார். விடிந்ததும் நாயை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் வந்தேன், அதில் குறையில்லை. வீட்டுக்குள் வந்தால் பாத்ரூம் கதவு மூடியிருந்தது. ஃபினாயில் பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன், வருஷா வருஷம் நிற்கிற மாதிரி. உள்ளே அமைதியாக இருந்தது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்த மனிதரிடம் நான் கேட்காத ஒரு கேள்வி வாயில் வந்து நின்றது. கேட்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. நாயிடம் தினமும் கேட்கிறேன்.

"ஏங்க," என்றேன் கதவிடம். "நல்லா போச்சுதா?"

குழாய் திறந்து மூடியது. பிறகு உள்ளேயிருந்து, வெட்கப்பட்ட குரலில் வந்தது.

"போச்சிம்மா."